விரிசலின் வயது

அக்டோபர் 3

கேமரா மறுபடியும் மூக்கை நீட்ட மறுத்துவிட்டது. அடுக்குமாடியின் குழாய்ச் சந்துக்குள் ஒரு தோளை மட்டும் நுழைத்து நிற்கிறேன். ஒரு கையில் டார்ச், வாயில் விரிசல் அளக்கும் அட்டை, இன்னொரு கையில் இந்தக் கேமரா. 'லென்ஸ் பிழை' என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. எனக்குத் தெரியாதா? தொடையில் இரண்டு தட்டு தட்டியதும் வழிக்கு வந்தது.

முதலாளி பார்த்துவிட்டார். "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குப்பா. பில்லை மட்டும் கொண்டா, நான் பாத்துக்கறேன்." அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வேறு யாராக இருந்தாலும் அவர் மனம் மாறுவதற்குள் கடைக்கு ஓடியிருப்பார்கள். நான் "பாக்கலாம் சார்" என்றேன்.

அக்டோபர் 5

கடைக்குப் போனேன். என் மாடலிலேயே புதிது வந்திருக்கிறது. அதே உள்ளங்கை அளவு. இருட்டிலும் தெளிவாக எடுக்கிறது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம், ஒரு விரல் தூரத்தில் வைத்தாலும் படம் கலங்கவில்லை. வீடு வீடாகப் போய் விரிசலும் ஒழுகலும் சோதிக்கும் என் வேலைக்கென்றே செய்து வைத்திருக்கிறான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் கேட்டேன்: குழந்தை வயது வருமா?

"வரும் சார். பொறந்த தேதியைப் போட்டுட்டா ஒவ்வொரு போட்டோ மூலையிலயும் வயசு தானா விழும். ஆனா பழசுல இருக்கற தேதி இதுக்கு வராது, நீங்கதான் புதுசாப் போடணும். பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதுவானேன்? இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சில்லறை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்தத் தேதியைப் போட்டேன். அவ்வளவு பொடியாகப் பிறந்ததால் வீட்டில் அவள் பெயர் சில்லறை. மூளைக்காய்ச்சலில் அவள் போனபோது படத்தின் மூலையில் இரண்டு வருடம் பதினோரு மாதம் என்று இருந்தது. அவள் போனதைக் கேமராவிடம் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. நானும் நிறுத்தவில்லை. பதினாறு மாதமாக ஊரார் வீட்டு விரிசல், ஒழுகல், பூசணம் எல்லாவற்றின் மூலையிலும் என் மகளின் வயது. அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் மூலையை வெட்டிவிடுவேன். வெட்டாதவை என்னிடம் இருக்கின்றன.

புதிதில் நானே என் கையால் தேதியைப் போட வேண்டும். இல்லாத பிள்ளைக்கு. போட்டால் பைத்தியக்காரத்தனம். போடாவிட்டால்? அவளை அதோடு நிறுத்தியது நான் என்று ஆகாதா?

அக்டோபர் 9

நான்கு வருடம் நான்கு மாதம். இன்றுதான் மாறியது. படம்: மாடிப்படிக்கு அடியில் ஈரம்.

அக்டோபர் 14

போன திங்கட்கிழமை லென்ஸோடு மல்லுக்கட்டியதில் நேரமாகிவிட்டது. ஒரு வீட்டுப் படங்களை மூலை வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். அறிக்கை எழுதும் புதுப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதையும் விடாத கவனம். மூலையில் கண்டதை அப்படியே எடுத்து, 'விரிசலின் வயது: நான்கு வருடம் மூன்று மாதம்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

வீட்டை வாங்கியவர் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. விரிசலை மறைத்து விற்றுவிட்டாய் என்று விற்ற அம்மாள் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். இன்று காலை இருவரும் எங்கள் அலுவலகத்தில். அந்த அம்மாள் அழாத குறை. "நாலு வருஷம்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

அது கேமராவில் தானாக விழும் எண், விரிசலுக்குச் சம்பந்தமில்லை என்றேன். விரிசலின் விளிம்பு கூராக இருக்கிறது, உள்ளே அழுக்குப் படியவில்லை, எனவே சமீபத்தில் விட்டதுதான் என்று விளக்கினேன். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"அப்ப அது யாரோட வயசு சார்?" என்றாள் புதுப் பொண்ணு.

"என் பொண்ணோடது."

திட்டு விழும் என்று பயந்து நின்றவள் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு வயசா! ஸ்கூலுக்குப் போறாளா சார்?"

"போறா."

எதிரே முதலாளி. சில்லறையைக் கொண்டுபோன வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

என்னையே கேக்கறேன், ஏன்டா அப்படிச் சொன்னே? யோசிக்கவே இல்ல, வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னப்ப நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு.

அக்டோபர் 17

புதுப் பொண்ணு ஒரு க்ரேயான் பெட்டியை நீட்டினாள். "பாப்பாவுக்கு சார். என்னாலதானே நீங்க அன்னிக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு." வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் வேறு சொன்னேன்.

அக்டோபர் 18

பெட்டி பையின் அடியில், டார்ச்சுக்குக் கீழே கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை. வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அக்டோபர் 20

ஞாயிறு. என் வேலைப் பையைத் துவைக்கலாம் என்று என் மனைவி கவிழ்த்துக் கொட்டிவிட்டாள்.

"இது யாருக்கு?"

இன்னொரு பொய் கைவசம் இல்லை. சில்லறை போனதிலிருந்து நாங்கள் இருவரும் அவள் பேச்சை எடுப்பதே இல்லை. இவள் உடைந்துவிடுவாள் என்று நான், நான் உடைந்துவிடுவேன் என்று இவள். இன்று எல்லாவற்றையும் சொன்னேன். கடை, மூலை, 'போறா' என்று சொன்னது வரை.

"கேமராவைக் குடுங்க" என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தூண். கூரை. குளியலறைச் சுவர். மறுபடி கூரை. ஒரு படத்தில் நின்றுவிட்டாள். யார் வீட்டுச் சமையலறையோ, தொட்டிக்குக் கீழே கருப்பாகப் பூசணம். மூலையில் மூன்று வருடம் பூஜ்யம் மாதம்.

"அவளோட மூணாவது பொறந்தநாளா?"

"ஆமா."

"போய் ரெண்டு வாரம்கூட ஆகல, வேலைக்குக் கிளம்பிட்டீங்கன்னு ஒரு மாசம் உங்ககிட்ட நான் பேசல."

"அந்த எண் மாறறதைப் பாக்கணும்னு இருந்துச்சு. வீட்ல வெச்சு எடுக்கத் தைரியம் இல்ல."

கடைசிப் படம்வரை பார்த்தாள். பிறகு, "வருஷமும் மாசமும் மட்டுந்தான் காட்டுமா? நாள் காட்டாதா?" என்று கேட்டாள்.

"காட்டாது."

"நாலு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்."

யோசிக்கவில்லை, விரல் மடக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க? தெனமும் காலைல எந்திரிச்சதும் எண்ணிட்டுதான் கீழ காலே வெப்பேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் சொல்லல." கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க தனியா வளத்திருக்கீங்க. நான் தனியா வளத்திருக்கேன்."

ஆஸ்பத்திரியில்கூட நாங்கள் சேர்ந்து அழவில்லை. நான் பில் கட்டும் இடத்தில் அழுதேன், அவள் கழிவறையில் அழுதாள். இன்று ஒரே கட்டிலில் அழுதோம். தலை வலிக்கும்வரை அழுதோம். பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து க்ரேயான் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "தடியாதான் இருக்கு. நாலு வயசுக்குப் பிடிக்க வசதியா இருக்கும்" என்றாள்.

அக்டோபர் 22

லென்ஸ் பாதி நீட்டியபடி நின்றுவிட்டது. தட்டினேன், கெஞ்சினேன், திட்டியும் பார்த்தேன். ரிப்பேருக்குக் கொடுக்கட்டுமா என்று மனைவியைக் கேட்டேன். "வேணாம். அதுவும் பாவம், எவ்வளவுதான் எண்ணும்?"

அக்டோபர் 26

இருவரும் போய்ப் புதியதை வாங்கினோம். வீட்டுக்கு வந்து திறந்ததும் மொழி கேட்டது. இன்றைய தேதி கேட்டது. அப்புறம் குழந்தையின் பிறந்த தேதி. அவளிடம் நீட்டினேன். "நீங்கதானே மொதல்ல போட்டீங்க. இதையும் நீங்களே பாருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினேன். முதலில் சரியாகப் படவில்லை, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

மன்னிச்சுக்கோடி சில்லறை.

அக்டோபர் 28

காலையில் புதுப் பொண்ணிடம் சொல்லிவிட்டேன். "பாப்பா இல்லம்மா. போன வருஷம் மே மாசமே போயிட்டா. அன்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்." அவள்தான் அழுதாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். 'பாப்பா இல்ல' என்று நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு வீட்டுக்குப் போனேன், பின்சுவரில் நீள விரிசல். புதுக் கேமரா அபாரம். விரிசலுக்குள் இருக்கும் மணல்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. மூலையில் ஒன்றும் இல்லை. வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை. எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றும் இல்லை.

வாசலுக்கு வந்து மனைவிக்கு போன் செய்தேன்.

"என்னங்க, சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல." அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

"பத்தொம்பது நாள்" என்றாள்.

"ம்" என்றேன். இருவரும் போனை வைக்கவில்லை.