கன்னத்துக்கு நாலு நூல்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஒரு அம்மாளுக்குப் புது மூக்குக்கண்ணாடி பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கின் மேல் சரியாக உட்காரவில்லை. இரண்டு பேருமாக மேஜைக் கண்ணாடியில் குனிந்து பார்த்தோம். அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

நல்லாத்தான் இருக்கேன். நல்லாத் தூங்கினேன், நல்லாச் சாப்பிட்டேன். கன்னம்தான் இறங்கிப்போச்சு.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி கூப்பிட்டு, "உள் ரூம்ல லென்ஸ் வெட்டுற மெஷினுக்குக் கொஞ்சம் அனுபவசாலி தேவைப்படுது" என்றார். இருபத்தெட்டு வருஷமாக முன்மேஜையில் உட்கார்ந்தவளுக்கு இன்றைக்குத்தான் அனுபவம் வந்திருக்கிறது. திங்கள் முதல் என் நாற்காலியில் ஒரு புதுப் பெண். நல்ல பெண். அதுதான் கஷ்டம், மனசாரத் திட்டக்கூட முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா இன்றும் என்னை "பெரியவளே" என்றுதான் கூப்பிட்டாள். "பெரியவ இல்லம்மா, நான் சின்னவ" என்றேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பெரியவளே, தண்ணி குடு" என்கிறாள்.

அக்கா செத்து எட்டு வருஷம். போகும்போது அவளுக்கு ஐம்பத்தொன்று, இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கும் இப்படித்தான் வாயோரம் சதை இறங்கியிருந்தது. அதனால் அம்மாவுக்கு நான் அக்காவாகிவிட்டேன். மறதி நோயில் இப்படியெல்லாம் வரும் என்கிறார்கள். வரட்டும். குளிப்பாட்டுவது நான், மாத்திரை கொடுப்பது நான், துணி மாற்றுவது நான். பேர் மட்டும் அவளுக்கா?

இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்கப்பா செத்தன்னைக்கு நீ வந்தியே, உன்ன வாசல்லயே நிக்க வெச்சுட்டேனே. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அம்மா கொடுத்த தண்டனை அது. அன்றைக்குக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது மன்னிப்பை வாங்கிக்கொள்வதும் நான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையை உருவிக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டேன்.

மார்ச் 15, சனி

தோல் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "ஆபரேஷன் கிடையாது, கத்தி கிடையாது. தோலுக்கு அடியில நூல் விட்டு மேல தூக்கிக் கட்டுவோம். நூல்ல சின்னச் சின்ன முள்ளு இருக்கும், அது சதையப் பிடிச்சுக்கும். கொஞ்ச மாசத்துல தானாக் கரைஞ்சிடும்."

"கரைஞ்சா?"

"பலன் இன்னும் கொஞ்ச நாள் நிக்கும். அப்புறம் பழையபடி ஆகும், தேவைன்னா திரும்பப் போட்டுக்கலாம்."

கட்டிடக்காரர் போல என் கன்னத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் பத்து வருஷம் முந்தைய நான். அவர் விரலை எடுத்ததும் அக்கா.

எதற்காகப் போட்டுக்கொள்கிறேன்? வேலைக்காக என்று அங்கே எழுதிக் கொடுத்தேன். அது பாதி உண்மைதான்.

மார்ச் 22, சனி

போட்டாகிவிட்டது. உட்கார வைத்து முகத்தில் பேனாவால் கோடு போட்டார்கள். மரத்துப்போக நெற்றியோரம் ஊசி. அந்த ஊசிதான் வலி. அப்புறம் நூல் போவது வலிக்கவில்லை, ஆனால் சத்தம் கேட்டது. காதுக்குள்ளேயே யாரோ மெத்தை தைப்பது போல. கன்னத்துக்கு நாலு நூல். மிச்ச நுனியை இழுத்துப் பிடித்து வெட்டினார்கள்.

ஒரு வாரம் வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. சிரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

முகம் வீங்கிக் கிடக்கிறது. வலது கன்னத்தில் நூல் இழுத்த இடத்தில் ஒரு குழி. அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

"நீங்க எந்த வீட்டும்மா?" என்று கேட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. குழியும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. வாய் திறந்தால் மட்டும் காதுக்கு முன்னால் சுரீரென்று இழுக்கிறது. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மாடிவீட்டக்கா, "அடேயப்பா, பத்து வயசு குறைஞ்சிட்டியே!" என்று என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அம்மாவுக்கு நான் இன்னும் "எந்த வீட்டும்மா"தான். மரியாதையாக நடத்துகிறாள். சோற்றை ஊட்டப் போனால், "எதுக்கு உங்களுக்குச் சிரமம்? என் பெரியவ வந்துடுவா" என்று வாயை மூடிக்கொள்கிறாள். மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். கடைசியில் நான்தான் பொய் சொன்னேன். "பெரியவ போன் பண்ணாங்க. உங்களச் சாப்பிடச் சொன்னாங்க." நாலு வாய் வாங்கிக்கொண்டாள்.

அக்காவிடம் பாதி மன்னிப்புக் கேட்டிருந்தாள். மீதியைச் சொல்ல ஆளைக் காணோம். நான் அல்லவா துரத்திவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் என்ன பைத்தியக்காரியா? "நான்தாம்மா, சின்னவ! என் முகத்தப் பாரு!" என்று இன்று கத்திவிட்டேன். பயந்து போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சின்னவ கடைக்குப் போயிருக்கா. வந்தா சண்டை போடுவா, நீங்க கிளம்புங்க" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

முதலாளி இன்றுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "தெளிவா இருக்கீங்களே, லீவு போட்டது நல்லதாப் போச்சு" என்றார். முன்மேஜை எப்போது என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு நல்லாப் பழகிட்டா. நீங்கதான் இன்னும் கொஞ்சம் சொல்லிக்குடுக்கணும்." கன்னத்தை எவ்வளவு தூக்கினாலும் பிறந்த வருஷம் ரெஜிஸ்டரில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போகட்டும். லென்ஸ் வெட்டும் மெஷின் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மே 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல தெளிவாக இருந்தாள், என்னைத் தவிர எல்லாம் நினைவிருந்தது. "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"என் சின்னவளுக்கும் ஆகல" என்றாள். "ஆகலைன்னா... நான் ஆக விடல."

கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அவ வேலை பாக்குற கடையில லென்ஸ் தேய்க்கிற பையன். அவங்கம்மாவக் கூட்டிட்டு வந்து கேட்டான். ரொம்பப் பிடிச்சுப்போய்க் கேட்டான். பெரியவ தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போயிட்டா, இவளும் போயிட்டா எனக்கு யாரு? வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"முகத்துல களை இல்லைன்னு அவங்க சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்." பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க அவகிட்டச் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

இருபத்தாறு வருஷம். அந்த மனிதர் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறார் என்று நினைத்தேன். கடைசி நாள் அவர் ஏதோ பேச வந்தபோது, கீழே விழாத திருகாணியைத் தேடிக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும் களை இல்லாத முகம்தான் தெரிந்தது. மேஜைக்கு மேஜை கண்ணாடி வைத்த கடையில் வேலை வேறு.

ஏம்மா? போகாதேன்னு சொல்லியிருக்கலாமே. எனக்கு யாருமில்லைன்னு அழுதிருக்கலாமே. நானே இருந்திருப்பேனே. முகத்தை ஏம்மா சொன்னே?

மே 4, ஞாயிறு

அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல்.

மே 18, ஞாயிறு

நேற்று அம்மாவை மறதி டாக்டரிடம் காட்டினேன். முகம் மாறியதால்தான் என்னை மறந்தாளா என்று கேட்டேன். "அதுவும் காரணமா இருக்கலாம். நோய் இப்ப வேகமாவும் போகுது, எப்படியும் மறந்திருப்பாங்க" என்றார். என் மனசு ஆறுவதற்காகச் சொன்னாரோ என்னவோ.

ஒரு விஷயம் மட்டும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பழைய முகத்தோடு இருந்திருந்தால் அந்தக் கதையைக் கேட்டிருக்கவே மாட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாமா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் அம்மாவுக்குத் தலை வாரினேன். ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். ஒரு சிக்கு வந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன்.

"சின்னவளா?"

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஓடிப்போய் நிற்கலாம் போலிருந்தது. போகவில்லை. என்னைப் பார்த்தால் மறுபடி தொலைத்துவிடுவாள்.

"நான்தாம்மா."

"எங்கடி போயிட்ட இத்தனை நாளா?"

"வேலைம்மா."

"இங்க ஒருத்தி வர்றா" என்று குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மாதிரிதான். அவகிட்டப் போய் ஒண்ணச் சொல்லித் தொலைச்சுட்டேன்."

"அவங்க எங்கிட்டச் சொல்லிட்டாங்கம்மா."

அம்மாவின் தோள் இரண்டும் இறுகின. தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று.

"கோவமா?"

இல்லம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்த வீட்டில் அந்த மாதிரிப் பொய்கள் போதும்.

"ஆமாம்மா. ரொம்பக் கோவம்."

"இருக்கும்" என்றாள். "இருக்கும்டி. இல்லாம எப்படி?"

பிறகு ஒரு கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டித் துழாவினாள். என் மணிக்கட்டு அகப்பட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கையால் பின்னல் போட முடியாது. பாதி வாரிய தலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளாக விடும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.