இறந்தவர் பெயரைச் சொல்லாத சனம்

என் பிரியப்பட்ட மக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. அதை வேறு யாரிடமும் கேட்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நினைவிருக்கிறதா? கடியப்பட்டணத்தில் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து நீ வருவதற்குள் நான் சுசீந்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து உன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பேன். நம் கூட்டுக்காரன் சுபினும் வந்துவிடுவான். பிரவுசிங் சென்டரில் இறக்கி ஜெராக்ஸ் போட்ட விதித்தாள்கள், இரண்டு பகடை. நீ கதையை நடத்துவாய். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவோம்.

தாளில் இருந்த குள்ளர்களும் நீளக் காதுக்காரர்களும் வேண்டாம், அவனவன் இனத்தை அவனவனே உண்டாக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். பிறகு கேள்வி கேட்டு உயிரை எடுத்தாய். "ஒனக்க சனம் என்ன திங்கும்? எதுக்குப் பயப்படும்? செத்தா என்ன செய்யும்?"

என் சனம் குகைவாசிகள். இறந்தவரின் பெயரையும் உடலோடு புதைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அதை யாரும் சொல்லக்கூடாது என்று பெருமையாக எழுதினேன். எனக்கு அப்போது இருபது வயது. சாவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"பேரச் சொல்லாம எப்படி மக்கா பூசை வைப்பாவ?" என்று கேட்டாய்.

"எங்க சனத்துக்குப் பூசையே கெடையாது" என்றேன்.

நீ சும்மா விட்டாயா? அடுத்த வாரமே கதையில் என் பாத்திரத்தின் அண்ணனைக் கொன்றாய். யாருக்காக அழுகிறாய் என்று சுபினின் பாத்திரம் கேட்கக் கேட்க, நான் "அவன், அவன்" என்று விழித்தேன். வழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றதற்கு, கதை நடத்துபவன் சம்மதிக்காமல் மாற்ற முடியாது என்றாய். "எழுதினது நீதானே. கெடந்து அனுபவி."

போன வருடம் நான்கே நாள் காய்ச்சல். நீ போய்விட்டாய். அதன் பிறகு எனக்கும் சுபினுக்கும் நீ "அவன்"தான். "அவன் இருந்தா இப்போ சிரிச்சிருப்பான்" என்போம். பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. பெயர் வாய்வரை வந்து திரும்பிவிடுகிறது.

போன வாரம் உன் வருட நினைவுப் பூசை. பங்குத்தந்தை உன் பெயரை வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். உன் அம்மா மீன்குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னைக்குக் காலத்த இருந்து பாக்கேன். அவன் அவன்னே சொல்லுதிய. எனக்க பிள்ளைக்குப் பேரு இல்லியா மக்கா? கோயில்ல வருசத்துக்கு ஒருக்க வாசிக்காவ. மத்த நாளெல்லாம் நான் மட்டும் தனியாச் சொல்லிட்டுக் கெடக்கேன்."

சுபின் கை கழுவ எழுந்து போய்விட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, மக்கா.

வீட்டுக்கு வந்து, என் சனத்தின் வழக்கங்களை எழுதிய அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்தேன். கேட்க ஜோராக இருக்குமென்று எழுதிய ஒரு வரி. அதற்குள் ஒளிந்துகொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன், உன் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு. அந்த வரியை அடித்துவிட உன் சம்மதம் வேண்டும். தருவாயா? "அண்ணன்னு கூப்பிடுலே, தாறேன்" என்பாய். மூன்று மாதம் மூத்தவன் என்ற திமிர். ஒரு நாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அடித்துவிட்டேன். கீழே வேறு எழுதியிருக்கிறேன். இந்தச் சனம் சோற்றில் கை வைக்கும் முன் இறந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் சுபினும் உன் வீட்டுக்குப் போகிறோம். அம்மா பரிமாறும்போது முதலில் நான் சொல்வேன். வாய்வரை வந்ததைத் திரும்ப விடமாட்டேன். இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

ததேயு. ததேயு. ததேயு அண்ணன்.

உன் தம்பி,
தாணு