பிரேக்கில் இருந்த கால்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று கோலா பிலாவிலிருந்து தம்பினுக்கு அந்தப் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில் போனோம். என் உயரத்துக்கு அதில் உட்காருவதே பெரும்பாடு. ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும். அதனால் சீட்டில் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்திருந்தேன். பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் ஒடுக்கமான சப்பாத்து போட்டிருந்தேன்.

"அரை மணிக்கு ஒரு தடவ நிறுத்தி காலை நீட்டிக்கங்க" என்று மேரி சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த மனைவிதான் சொல்லமாட்டாள் என்று நான் காதில் வாங்கவில்லை.

எஸ்டேட் பாதையிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வலது பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேரி அலறினாள். கைப்பிரேக்கை இழுத்தேன். கார் சுழன்று புல்லில் ஏறி நின்றது.

"என்னங்க, பிரேக் புடிக்கலயா?"

"பழைய காடி லா, அப்படித்தான்" என்றேன்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் நன்றாகப் பிடித்தது. அவள் ஒருமுறை திரும்பி என் வலது காலைப் பார்த்தாள்.

காரை விட்டு இறங்கி ஐந்து மணி நேரமாகிவிட்டது. வலது பாதத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. அப்பாவைப் படுக்கையில் தள்ளிய நோயும் முதலில் காலில்தான் இப்படி மரத்துப்போய்...

இப்போது மேரி ஒரு பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வலது காலை உள்ளே விட்டிருக்கிறேன். "சூடு சரியா இருக்கா?" என்று கேட்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.