பெட்டிக்குள் உன் வயலின்

அக்காவுக்கு,

உன் வயலினை விலைக்கு வாங்க ஆள் வருவதாக அத்தான் போனில் சொன்னார். அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. நீ கேட்டதற்கு மட்டும் பதில்.

"ஊரே நான் வாசிச்சத காசு தராம டவுன்லோட் பண்ணிக் கேக்குது. இன்டர்நெட் விக்கிற உங்க கம்பெனியாவது ஒரு பங்கு தரக்கூடாதாடா?" என்றாயே, அதை இன்று மேலாளரிடம் கேட்டேன்.

"நாம ரோடு போடறவங்க தம்பி. லாரியில என்ன போகுதுன்னு நமக்கெதுக்கு?" என்றார்.

பச்சைப் பொய். பலரும் கேட்கும் கோப்பைத் தூரத்திலிருந்து திரும்பத் திரும்ப இழுத்தால் செலவு என்று, ஒரு பிரதியை எங்கள் ஆபீஸில் ‘பெட்டி’ என்று சொல்லும் சர்வரிலேயே வைத்துக்கொள்கிறோம். அந்தப் பெட்டியை அமைத்தவன் நான். உன் வாசிப்பு அதில் இருக்கிறது. மேலாளருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அக்கா நல்லாத்தான் வாசிக்கிறாங்க. அவங்களுக்குப் பங்கு குடுக்க எல்லார் சந்தாவையும் ஏத்துனா, பாட்டே கேக்காதவன் சண்டைக்கு வருவான். அவனுக்கு நீ பதில் சொல்றியா?"

என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஆத்திரத்தில் பெட்டியிலிருந்து அதை அழித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பழையபடி உட்கார்ந்திருக்கிறது. யாரோ கேட்டிருக்கிறார்கள், பெட்டி போய் எடுத்து வந்திருக்கிறது. அப்படித்தான் அதை அமைத்திருக்கிறேன்.

வருகிற ஆளைத் திருப்பி அனுப்பு என்று சொல்ல என் கையில் ஒன்றுமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டேன். எழுந்த பிறகுதான் உறைத்தது, நானும் காசு தரவில்லை.

உன் தம்பி