பூஜை போட்ட பக்கெட்

அத்தான்,

இன்று காலை பட்டறைக்கு வந்த மண் அள்ளும் வண்டி ஒன்றில் ஹோஸ் வெடித்து, சூடான ஹைட்ராலிக் எண்ணெய் என் சட்டையெல்லாம் தெறித்துவிட்டது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தும் வாடை போகவில்லை. அந்த வாடை வந்தால் நீங்களும் கூடவே வந்துவிடுகிறீர்கள், சலவை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக. செத்தும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். இருந்தபோது திட்ட அக்கா விடவில்லை. இப்போது ஊர் விடாது. அப்புறம் நான் எப்போதுதான் திட்டுவது? அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஏரல் பக்கத்து ஆட்கள் எல்லாம் உங்களைப் புகழ்ந்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது. "காலு போனவனக் கடையில உக்கார வச்சி இத்தன வருசம் சோறு போட்ட மகராசம்லா" என்றார் ஒருவர். நான் சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தேன். கால் எப்படிப் போனது என்று அந்தப் பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் தெரியுமே. மச்சினன் அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டான், பக்கெட் விழுந்தது. என் தலையில் நீங்கள் எழுதிவைத்த கதை அது.

தொண்ணூறுகளின் நடுவில் உங்கள் விறகுக் கடைக்குச் செங்கல் சூளைக்காரர்களிடமிருந்து ஓயாமல் ஆள் வந்தது. புளி, வேம்பு முண்டுக் கட்டைகளைக் கோடாலியால் பிளந்து மாளவில்லை. மண் அள்ள வாங்கிய லோடர் வைத்த டிராக்டர் ஒன்று உங்களிடம் நின்றது. அதன் முன்னால் இருக்கும் இரும்புப் பக்கெட்டைத் தூக்குகிற எண்ணெய் அழுத்தத்தையே வைத்து விறகைப் பிளக்கலாம் என்று சொன்னது நான். திருநெல்வேலியில் லேத் பட்டறை வாசலில் பதினோரு நாள் கிடந்து அந்த மிஷினைச் செய்து எடுத்து வந்ததும் நான். கனத்த இரும்பு உத்தரம், ஒரு முனையில் ஆப்பு, மறுமுனையில் முண்டைத் தள்ளிக்கொண்டு போகும் ஜாக்கி, அடியில் இரண்டு சக்கரம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நம்ம மூளையில உதிச்சதுவே" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை ஒரு முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று டிராக்டரைக் கழுவி, லோடரின் பக்கெட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி, அதற்குள்ளேயே சாமி படத்தை வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்தீர்கள். தரையில் வைத்தால் ஆடு வாய் வைத்துவிடும் என்று அந்த ஏற்பாடு. மூன்றாம் நாள் மறுபூஜை ஆகாமல் படத்தை எடுக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். ஆனால் மறுநாள் விஜயதசமிக் காலையிலேயே, பத்தரைக்குள் நல்ல நேரத்தில், புது மிஷினில் முதல் முண்டைப் பிளந்தாக வேண்டும். இரண்டையும் நீங்களே முடிவு செய்துவிட்டு, சூளைக்காரர்கள் நாலு பேரை வரச் சொல்லியிருந்தீர்கள்.

பக்கெட்டைத் தாங்குகிற ஹோஸைக் கழற்றித்தான் பிளக்கும் மிஷினில் மாட்ட வேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆட்டி, அழுத்தம் போன பிறகே ஸ்பேனர் வைக்க வேண்டும். இது ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை. ஒரு வாரமாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், பக்கெட்ட எறக்கிருவோம்."

"பூச போட்டத தரையில வைக்கப்பிடாதுலே. நாளைக்குத்தான் எறக்கணும்."

"எறக்காம ஹோஸக் கழத்துனா விழுந்துரும்."

"இன்ஜின்தான் ஆஃப்ல கெடக்கே, எப்பிடிலே விழும்?"

"உள்ள இருக்க எண்ணெதான் அதத் தாங்கிட்டு நிக்கி. எண்ணெ வெளிய வந்தா அது கீழ வரும். சரி, முட்டாவது குடுப்போம். ரெண்டு தடி போதும்."

முட்டுக் கொடுக்க மரத்துக்கா பஞ்சம்? நாம் நின்றதே விறகுக் கடையில். நீங்களோ சூளைக்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் கேட்கும்படி, "மாப்ளைக்கு ரெண்டு வருசம் ஐ.டி.ஐ. படிச்ச நெனப்பு, முட்டுக் குடுத்து நிக்க வண்டிய எவனாது தொறப்பு விழா பண்ணுவானாவே?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மணி பத்தே காலைத் தாண்டியிருந்தது. என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, "நீ அங்கன போய் நில்லு, நானே கழத்துதேன்" என்றீர்கள். நானும் போனேன். தராசுப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஹோஸ் நீளம் பற்றாததால் பிளக்கும் மிஷினைப் பக்கெட்டுக்கு அடியிலேயே தள்ளி வைத்திருந்தீர்கள். அதன் சக்கரம் உருளாமல் இருக்க உங்கள் கடை ஆள் இசக்கி குத்தவைத்துக் கல் வைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் நட்டைத் திருகினீர்கள். முதலில் எண்ணெய் கசிந்தது, பிறகு சீறியது. சாமி படமும் பொரியும் வாழைக்கன்றுமாகப் பக்கெட் ஒரே மூச்சில் கீழே வந்தது. மிஷினின் உத்தரம் தடுத்ததால் இசக்கியின் உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் கேட்டபோது, என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம மச்சினந்தான் சார் கழத்துனான், சின்னப் பய, கை தவறிட்டு" என்றீர்கள். உங்கள் விரல்களில் அப்போதும் அந்த எண்ணெய் இருந்தது. என் சட்டைத் தோளில் கறை படிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா என்னைத் தூணோரம் இழுத்துப் போனாள். "நீ ஒத்தக்கட்டை, எப்பிடியும் பொழச்சுக்கிடுவ. அவுக உள்ள போயிட்டா நானும் பிள்ளையளும் எங்கனலே போவோம்?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சூளைக்காரர்கள் நாலு பேருக்கும் விறகு நீங்கள்தான் தரவேண்டும். அவர்கள் ஏன் வாயைத் திறக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் எனக்குப் பெயர் 'பக்கெட் போட்டவன்'. பம்புசெட் ரிப்பேருக்குக்கூட ஒருத்தரும் கூப்பிடவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார், கைராசி இல்லாதவன் என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். கடைசியில் விக்கிரமசிங்கபுரம் வந்து, மில்லுக்குப் போகிறவர்களின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி இந்தப் பட்டறையைப் போட்டேன். அதோடாவது விட்டீர்களா? ஒவ்வொரு கோயில் கொடைக்கும் ஊருக்கு வந்தால், பத்துப் பேர் நடுவில், "இவன் கையில ஸ்பேனரக் குடுத்துராதிங்கவே" என்று சிரிப்பீர்கள். ஒரு பொய்யை ஒரு தடவை சொன்னால் பயத்தில் சொன்னார் என்று விடலாம். வருஷா வருஷம் சொல்லிச் சிரித்தவரை என்னவென்று விடுவது? கடைசியில் அது உங்களுக்கே உண்மையாகிவிட்டதோ என்னவோ. நீங்கள் சாகக் கிடந்தபோது பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

பதினாறாம் நாள் பந்தி முடிந்து கை கழுவப் போனபோது இசக்கி கட்டையை ஊன்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்வே. கழத்துனது நீரு இல்ல, அவுகதான். அடியில குத்தவச்சிருந்தவனுக்கு வேட்டி தெரியாதா? நீரு பேண்டுல்லா போட்டிருந்தீரு."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். "இத்தன வருசமா ஏன்வே சொல்லல?"

"சொன்னா கடையில உக்கார வைப்பாவளா? ஒத்தக் காலோட நான் எங்கன போவ? இப்பம் அவுக போயிட்டாவ. மகனும் சம்பாதிக்கான். இப்பமே வாரும், பந்தியில வச்சே சொல்லுதேன். ஒம்ம பேரு சுத்தமாவட்டும்."

அத்தான், இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். உங்களைப் புகழ்ந்த வாய்களெல்லாம் பத்தடி தூரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன. நான் ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது இசக்கி, கோபமே இல்லாமல், ஏதோ மறந்துபோனதைக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்.

"ஆமா, நீரு தராசுகிட்டதான நின்னீரு. விழும்னு ஒமக்குத்தான் தெரியும்லா. 'இசக்கி, வெளிய வா'ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

"வேண்டாம், இசக்கி. போனவர் போயிட்டார். யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெருந்தன்மை என்று நினைத்துவிட்டான்.

அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் சிரிக்க வைத்தீர்கள் அல்லவா, அந்த எரிச்சலில் பக்கெட் விழட்டும் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விழுந்தால்தான் யாருக்கு என்ன தெரியும் என்று ஊருக்குப் புரியும் என்று நினைத்தேன். அடியில் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. விழும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டைத் திருகும்போது நீங்கள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். வராந்தாவில் என் தோளில் கை போட்டபோது உங்கள் மனசில் அதுதான் இருந்ததா என்று கேட்டுக்கொள்ள இனி வழி இல்லை. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். கழற்றியது நீங்கள், பொய் சொன்னது நீங்கள், சிரித்துச் சிரித்து என் பெயரைத் தின்றதும் நீங்கள். ஆனால் இசக்கிக்கு ஒரு சத்தம் கொடுக்காமல் நின்றவன் நான்.