ஆற்றுச் சேற்றில் ஒரு தடம்

தார் சலாம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸிராவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த மொன்றியால் குளிரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அல்லாஹ் கருணை செய்யட்டும். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ போனை அவசரமாக வைத்துவிடுகிறாய் என்று அவளுக்குக் குறை.

போன வாரம் சாஜோ வந்தான், உன்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது நம் நியோகோலோ கோபா காட்டில் வனக்காவலன். "மாமா, ஒரு தடம் பாக்கணும், உங்கள விட்டா யாருக்கும் தெரியாது, வண்டில ஏறுங்க" என்றான். நான் அந்தக் காவல் வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. "முதல்ல அவர் முட்டியக் கேளு" என்றாள் அம்மா, ஆனாலும் பழைய தொப்பியை அவள்தான் தேடி எடுத்துத் தந்தாள். வழியெல்லாம் உன் நினைப்புத்தான். ஏழு வயதில் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து பதினொரு யானைகளை எண்ணினாயே, காது கிழிந்த பெரியவளுக்கு அத்தையின் பேரை வைத்துத் திட்டு வாங்கினாயே. இப்போது நாள் முழுக்கச் சுற்றினாலும் குரங்கும் காட்டுப்பன்றியும்தான். ஆற்றின் ஒரு வளைவில் சாஜோ வண்டியை நிறுத்திச் சேற்றைக் காட்டினான். குனிந்து கையை விரித்து அளந்தேன், இரண்டு சாண். யானைதான், தனி ஆண், அன்று காலையில்தான் கடந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது தேநீர்க் கடையில், "என்ன ஃபிலி, சிங்கத்துக்கு சலாம் சொல்லிட்டு வந்தியா" என்று கிண்டல் செய்தார்கள். "நீர்யானை மிதிச்ச சேத்தைக் காட்டத்தான் இவன் என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறியதும் "ஏன் மாமா பொய் சொன்னீங்க" என்று சாஜோ கேட்டான். உன்னிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன், மகளே. அந்தக் காது கிழிந்த பெரியவள் எங்கே என்று நீ கேட்டபோதெல்லாம் கினி நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டாள் என்றேன். போகவில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தான், எனக்குத் தெரியாத தடமா என்ற பெருமையில் யானைகள் தண்ணீர் குடிக்க வரும் இடத்தைச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து, முகம் வெட்டுப்பட்டுத் தந்தமில்லாமல் கிடந்தவளை முதலில் பார்த்ததும் நான்தான். நான் உளறியதை அறிக்கையில் எழுதவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

சாஜோ வண்டியைக் கிளப்பினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "திங்கக்கிழமை காலைல வர்றேன், அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும், தயாரா இருங்க" என்றான். போகப்போகிறேன்.

உனக்குக் கோபம் வந்தால் திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், உன் கைபட்டதெல்லாம் துலங்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. தடம் பார்த்தது ஆற்றின் எந்த வளைவு என்று உனக்குக்கூட எழுதவில்லை, வருத்தப்படாதே.

உன் அப்பா,
ஃபிலி தான்சொகோ