நான் தொட்டிக்குள் விழுந்த விபரம்

கோப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்சிகாவுக்கு,

நல்லூரான் அருளால் நான் நலம், என் கட்டுப்பல் மட்டும்தான் நலமில்லை. அந்தக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன், கடைசி வரிவரை வாசித்துவிட்டுப் பிறகு அழு.

போன வருடம் நீ கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, மறுபடியும் பிறந்துவிட்டதாகச் சொல்லி, சுவாமி அறையைப் பூட்டினால்தான் வீட்டுக்கு வருவேன் என்றாய், நானும் அப்படியானால் வரவேண்டாம் என்றேன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வீம்பு. இப்போது பக்கத்து வீட்டுப் பத்மாவதி அனுப்பிய வீடியோவைப் பார்த்து, அம்மாவும் இரட்சிக்கப்பட்டிட்டா என்று அழுது விமான ரிக்கற்றும் எடுத்துவிட்டாய். மகளே, நான் மறுபடியும் பிறக்கவில்லை, விழுந்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் பராசக்தி உன்னைப்போலவே மனந்திரும்பி, மருதனார்மடத்தில் ஒரு சபைக்குப் போகிறாள். அவளுக்கு மயிலிட்டிக் கடலில் ஞானஸ்நானம் கொடுக்க இருந்தார்கள், அன்றைக்குப் பார்த்துக் கடல் கொந்தளிப்பு. அந்தச் சபையின் பாஸ்ரர் கனிசியஸ் வந்து, உங்கடை கிணத்துத் தொட்டியிலை ஒருக்கா முழுக்காட்டட்டோ அம்மா என்று தாழ்மையாகக் கேட்டார். கால் கழுவிவிட்டு இறங்கவேண்டும், சவர்க்காரம் கூடாது, பாட்டு சுருதியோடு இருக்கவேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தேன். தொட்டியைத் தேய்க்கச் சொன்னேன், பராசக்தி உள்ளே மட்டும் தேய்த்து விளிம்புப் பாசியை விட்டுவிட்டாள். பாஸ்ரர் அமிழ்த்தியபோதோ அவளின் முன்தலைமயிர் நனையவேயில்லை. கொன்வென்ரில் படித்த எனக்கு அரைகுறை வேலை பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது, இப்படித்தான் அமிழ்த்தவேணும் தம்பி என்று விளிம்பில் ஏறிக் கையைக் காட்டினேன், அவ்வளவுதான்.

பாஸ்ரர் என்னைத் தூக்கி நிறுத்தி விசுவாசிக்கிறீங்களோ அம்மா என்று கேட்டார். விழுந்ததில் கழன்ற பல் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அத்தனை பேர் முன்னால் பல்லில்லாத வாயைத் திறப்பேனா? வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரைச் சுட்டிக் காட்டினேன். அம்மா தானே கேக்கிறா என்று சொல்லி அந்த மனிதர் என்னை இன்னொரு தரம் அமிழ்த்தினார், இந்த முறை தலைமயிர் முழுக்க நனைந்தது என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள், பத்மாவதி வேலிக்கு மேலால் படம் பிடித்தாள். அன்று பின்னேரம் நீ தொலைபேசி எடுத்தபோது நான் ம்ம் ம்ம் என்றதும் ஆவியால் அல்ல, பல்லால்.

மறுநாள் தொட்டித் தண்ணீரை வெங்காயத்துக்குத் திறந்துவிட, பல் பாத்திக்குள் போய்க் கிடந்தது. பராசக்திதான் கண்டெடுத்துக் கழுவிக் கொண்டுவந்தாள், மற்றக் கையில் காணாமல் போன என் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி. இதை நான்தான் எடுத்தனான், பொய் சொன்னனான், மன்னியுங்கோ அம்மா என்றாள். எத்தனை வருடமாகச் சத்தியம் செய்து மறுத்தவள். உங்கள் மறுபிறப்பு என்பது இதுதான் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானோ இரண்டு தரம் அமிழ்ந்தவள், பல்லைப் போட்டவுடன் முதல் வேலையாக விளிம்பு தேய்க்காததற்கு அவளை ஏசினேன். ஆகவே நான் பழைய ஆள்தான். இனிப் பிறவாமல் இருக்கத்தானே நாங்கள் கும்பிடுகிறோம், நீங்கள் இன்னொரு தரம் பிறக்கவேண்டும் என்று நிற்கிறீர்கள், அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீ வந்து இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கவும் நினைத்தேன். பொய் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட மனம் வரவில்லை. சுவாமி அறையைப் பூட்டமாட்டேன், நீ இருக்கும் நேரம் கதவைச் சாத்திவைக்கிறேன். முன் அறையில் நீ பாடு, சுருதி பிசகினால் மட்டும் சொல்லுவேன். ரிக்கற்றை மாற்றாதே. உன்னை இரண்டாம் தரம் பெற்றவரிடம் சொல்லி ஒரு மாதம் லீவு வாங்கிக்கொண்டு வா.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், எல்லோரும் நீடு வாழ்க. வரும்போது பல் ஒட்டுகிற பசை கொண்டுவா, தண்ணீருக்குள்ளும் விடாததாகப் பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
உன்னை முதல் தரம் பெற்றவள்,
பாலேஸ்வரி நடராசா